வாங்காமல் விட்ட பட்டமும் தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலும்

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். ஒரு சகோதரி 2009 ஏப்ரலில் பி.காம். தேர்ச்சி பெற்றிருக்கிறார். படித்தது தமிழ்நாட்டில், பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற ஒரு கல்லூரியில். பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. தற்காலிகச் சான்றிதழை வைத்தே வேலை கிடைத்தது, பிறகு திருமணம், குழந்தை. பட்டச் சான்றிதழின் நினைவே வரவில்லை. சென்ற ஆண்டு வீடு மாறியபோது, தற்காலிகச் சான்றிதழும் இரண்டு பருவங்களின் மதிப்பெண் பட்டியலும் இருந்த உறை காணாமல் போய்விட்டது. இப்போது கணவரோடு கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிக்க வேண்டும். "என் பட்டமே போய்விட்டதா? எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்.

பட்டம் போகவில்லை, சகோதரி. நான் ஒரு பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்களைப் போல் கண் கலங்கி வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்: உங்கள் தேர்ச்சி உங்கள் வீட்டு அலமாரியில் இல்லை, பல்கலைக்கழகப் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் பதிவு எண்ணுக்கு நேராக ஒவ்வொரு தாளின் மதிப்பெண்ணும், தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும், பெற்ற வகுப்பும் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் கையில் இருந்தது அந்தப் பதிவிலிருந்து எடுத்துத் தந்த காகிதம். காகிதம் தொலைந்தால் அதே பதிவிலிருந்து இன்னொன்று எடுத்துத் தருவார்கள். கொஞ்சம் அலைச்சல் உண்டு, கட்டணம் உண்டு, பொறுமை வேண்டும். அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வியில் இருக்கும் முடிச்சு. அதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மதிப்பெண் பட்டியல்களும் தற்காலிகச் சான்றிதழும் தொலைந்தவை. பட்டச் சான்றிதழ் தொலைந்தது அல்ல. நீங்கள் இன்னும் வாங்காதது. தொலைந்ததற்கு ஒரு வழி, வாங்காததற்கு வேறு வழி. இதைப் பிரித்துப் பார்க்காமல் பலர் வீணாக அலைகிறார்கள். ஒருவர் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, நாளிதழில் விளம்பரம் செய்து, நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, இத்தனையும் முடித்து எங்கள் பிரிவுக்கு வந்தார். தேடிப் பார்த்தால் அவருடைய பட்டச் சான்றிதழ், அவர் கல்லூரியிலிருந்து திரும்பி வந்த சான்றிதழ்க் கட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அவர் ஒருநாளும் கையில் வாங்காத சான்றிதழைத் தொலைத்துவிட்டதாகப் பிரமாணம் செய்திருந்தார். அதை விளக்கித் திரும்பப் பெற இன்னொரு கடிதம், இன்னும் இரண்டு வாரம். ஆகவே பட்டச் சான்றிதழ் தொலைந்துவிட்டதாக எங்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பட்டச் சான்றிதழை எங்கே தேடுவது? முதலில் கல்லூரியில். இணைவுக் கல்லூரி மாணவர்களில் விழாவுக்கு நேரில் வராதவர்களின் பட்டங்களைப் பல்கலைக்கழகம் கல்லூரிக்கு அனுப்பிவைப்பது வழக்கம். கல்லூரி தன் பட்டமளிப்பு நாளில் கொடுக்கும். மீதியை அலுவலகத்தில் வைத்திருக்கும். சில ஆண்டுகள் பார்த்துவிட்டு, யாரும் வாங்காதவற்றைப் பல்கலைக்கழகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேட்கும்போது "2009 ஏப்ரல் தேர்ச்சி, பி.காம்., பதிவு எண் இன்னது" என்று சொல்லிக் கேளுங்கள். வெறும் பெயரைச் சொன்னால் இத்தனை ஆண்டுக்கு முந்தைய கட்டுகளில் யாராலும் தேட முடியாது. அங்கே இல்லையென்றால், திருப்பி அனுப்பிய கடிதத்தின் தேதியைக் கேட்டு வாங்குங்கள். அது பல்கலைக்கழகத்தில் உங்கள் வேலையைப் பாதியாக்கும்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பட்டத்துக்கென்று தனி விண்ணப்பமும் கட்டணமும் கேட்ட பல்கலைக்கழகமாக இருந்து, நீங்கள் விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், சான்றிதழ் அச்சாகியே இருக்காது. கவலை வேண்டாம். தாமதக் கட்டணத்துடன் இப்போது விண்ணப்பிக்கலாம். அடுத்த பட்டமளிப்பு விழாவில் நேரில் வராதோர் பட்டியலில் சேர்ப்பார்கள், அல்லது அவசரத் தேவைக்கான சான்றைக் காட்டினால் முன்கூட்டியே தருவார்கள். தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் 2009 ஏப்ரல் என்றே இருக்கும். கையொப்பம் இன்றைய துணைவேந்தருடையதாக இருக்கலாம். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதிலேயே சிலர் தடுமாறுகிறார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் இதைப் படிக்கும் மூத்தவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரி இன்று எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது என்பது கணக்கில் இல்லை. நீங்கள் படித்தபோது எதன் கீழ் இருந்தது என்பதே கணக்கு. கோவையில் 1970-களில் படித்தவருக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல்தான் வந்தது. திருச்சிக்காரர்களுக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில்தான். மதுரைப் பக்கம், இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தொடங்கிய 1966 எல்லைக்கோடு. திருநெல்வேலியில் அதற்குப் பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருந்து, 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. பொறியியல் படித்தவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. 2001-02 கல்வியாண்டில்தான் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. அதற்கு முன் சேர்ந்தவர்களின் பட்டம் அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகத்தினுடையது. 2007-இல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிந்து, 2012-இல் மீண்டும் ஒன்றானது. இடையில் படித்தவர்களின் சான்றிதழில் வேறு பெயர் அச்சாகியிருக்கும், ஆனால் இன்று போய் நிற்க வேண்டிய இடம் சென்னைதான். கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டியதைச் சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தில் கேட்டுவிட்டு ஏமாற்றத்தோடு ஊர் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒரு வேறுபாடு. அங்கே தேர்வு நடத்தியதும் மதிப்பெண் பட்டியல் கொடுத்ததும் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது. தொலைந்த மதிப்பெண் பட்டியலுக்குப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தால், "கல்லூரிக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். அது அலட்சியம் அல்ல, உண்மையாகவே அந்தப் பதிவேடு அவர்களிடம் இல்லை. உங்கள் கல்லூரி 2009-இல் தன்னாட்சி பெற்றிருந்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தொலைநிலைக் கல்வியில் படித்தவர்களுக்குக் கல்லூரி என்ற நடுப்படி இல்லை. நேராகப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம்தான்.

இப்போது தொலைந்தவற்றுக்கு வருவோம். ஒரு சொல் எச்சரிக்கை. "மாற்றுச் சான்றிதழ் வேண்டும்" என்று எழுதினால் அலுவலகத்தில் டி.சி. என்று புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் கல்லூரியை விட்டு விலகும்போது தருவதற்கு அதுதான் பெயர். "நகல் வேண்டும்" என்றால் ஒளிநகல் என்று நினைக்கக்கூடும். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாம்படிச் சான்றிதழ். கவுன்டரில் டூப்ளிகேட் என்று சொன்னாலும் போதும்.

இரண்டாம்படிக்குப் பொதுவாகக் கேட்பவை இவை: காவல்துறையிடம் பதிவு செய்ததற்கான சான்று, பிரமாணப் பத்திரம், கட்டணம் செலுத்திய ரசீது, அடையாள அட்டை, தொலைந்ததன் ஒளிநகல் இருந்தால் அது. நாளிதழ் விளம்பரம் கேட்கும் இடமும் உண்டு, கேட்காத இடமும் உண்டு. ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் படிவத்தை முதலில் வாங்கிப் படியுங்கள். பிறகு செலவு செய்யுங்கள். யாரோ தன் பல்கலைக்கழகத்தில் கேட்டதைச் சொல்ல, அதை நம்பி விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, கடைசியில் அது தேவையே இல்லை என்று தெரிந்து வருந்தியவர்கள் பலர்.

காவல் நிலையப் படியேற வேண்டுமே என்ற தயக்கம் பெண்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு இப்போது அவசியம் குறைந்துவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் தொலைந்த ஆவணங்களைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பாஸ்போர்ட், வாகனப் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டை ஆகியவற்றோடு பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களும் அதில் அடங்கும். வீட்டிலிருந்தே விவரங்களைப் பதிந்து அறிக்கையைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். இதற்குக் கட்டணமும் இல்லை, முதல் தகவல் அறிக்கையும் தேவையில்லை. பதியும்போது ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்: எந்தப் பருவம், எந்த மாதம், எந்த ஆண்டு, பதிவு எண் என்ன என்று. "கல்விச் சான்றிதழ்கள் தொலைந்தன" என்று பொதுவாக எழுதினால் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம். சில பல்கலைக்கழகங்கள் இந்த அறிக்கையோடு நிறைவடையாமல், தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் ஆய்வாளர் தரும் சான்றைக் கேட்கும். அப்போது மட்டும் நிலையத்துக்குப் போக வேண்டிவரும். திருட்டுப் போயிருந்தால் கதையே வேறு: அதற்கு நிலையத்தில் நேரில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது பெற வேண்டும். இணையத்தில் தொலைந்ததாகப் பதியக் கூடாது.

வெள்ளம், தீ போன்றவற்றில் ஆவணங்களை இழந்தவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. பேரிடரில் கல்விச் சான்றிதழை இழந்ததற்கான சான்றை வருவாய்த் துறையிடம் இ-சேவை மையம் வழியாகப் பெறலாம். 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வெள்ளம் புகுந்தபோது, ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. நனைந்து, கிழிந்து, செல்லரித்துப் போன சான்றிதழ்களுக்குக் காவல்துறைச் சான்று பெரும்பாலும் தேவைப்படாது. மீதமுள்ள துண்டுகளை ஒப்படைத்தால் போதும். எவ்வளவு சிதைந்திருந்தாலும் அந்தத் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

தற்காலிகச் சான்றிதழுக்கு இரண்டாம்படி வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பட்டச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் தற்காலிகத்துக்கு வேலையில்லை; பட்டம் வரும்வரை கைகொடுக்கத்தான் அது. ஆனால் அது தொலைந்ததையும் காவல்துறை அறிக்கையில் சேர்த்துப் பதிந்துவையுங்கள், ஏனென்றால் பட்டம் கேட்கும்போது சில இடங்களில் தற்காலிகச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பார்கள்.

பதிவு எண் நினைவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். மீதமிருக்கும் மதிப்பெண் பட்டியல்களில் அது இருக்கும். அவையும் இல்லாதவர்கள் பழைய தேர்வுக்கூட நுழைவுச்சீட்டு, முதல் வேலைக்குக் கொடுத்த ஒளிநகல், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, வங்கியில் கல்விக் கடன் வாங்கிய கோப்பு என்று தேடலாம். கல்லூரியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்தும் கண்டுபிடித்துத் தருவார்கள்.

அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைக்குமே என்று உங்கள் வீட்டு இளையவர்கள் சொல்வார்கள். சொல்வது சரிதான், ஆனால் ஓர் எல்லை உண்டு. 2017-இல் தொடங்கிய தேசியக் கல்வி ஆவணக் காப்பகம் இன்று டிஜிலாக்கர் வழியாகச் செயல்படுகிறது. பல்கலைக்கழகம் அதில் ஏற்றிய பட்டம் சட்டப்படி அசலுக்கு இணையானது. அதை ஏற்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் 2009-ஆம் ஆண்டுத் தொகுதியை ஏற்றியிருந்தால்தான் அது கிடைக்கும். புதிய தொகுதிகள் முதலில் ஏறும், பழையவை பின்னால். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், பார்த்துவிடுங்கள். உங்கள் ஒளிநகலை நீங்களே அதில் ஏற்றிவைப்பதற்கும், பல்கலைக்கழகம் வழங்கிய ஆவணமாக அது வந்து சேர்வதற்கும் பெருத்த வேறுபாடு இருக்கிறது. முன்னதற்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை.

கனடாவுக்கு உங்கள் கல்வித் தகுதியை மதிப்பிடும் அமைப்புக்கு இரண்டு வகை ஆவணங்கள் போகும். ஒன்று, பட்டச் சான்றிதழின் படி. மற்றொன்று மதிப்பெண் விவரம். அதைப் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் நேராக அந்த அமைப்புக்கு அனுப்ப வேண்டும், அல்லது அவர்கள் ஏற்கும் மின்வழியில் அனுப்ப வேண்டும். இதைத்தான் டிரான்ஸ்கிரிப்ட் என்கிறார்கள். நீங்கள் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பினால் செல்லாது. இதற்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகங்கள் உங்களிடமுள்ள எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களின் படிகளையும் கேட்கும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் இரண்டாம்படி மதிப்பெண் பட்டியல்களும் பட்டமும், அதற்குப் பின் டிரான்ஸ்கிரிப்ட். இரண்டாம்படிக்கும் பட்டத்துக்கும் ஒரே நாளில் தனித்தனி விண்ணப்பம் கொடுக்கலாம், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் முத்திரையை வாங்கச் சொல்லி முகவர்கள் வற்புறுத்துவார்கள். இந்தக் கல்வி மதிப்பீட்டுக்கு அது தேவையில்லை. கேட்டால் மட்டும் வாங்குங்கள். இந்த முத்திரைக்கு அடிப்படையான ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005-இல் நடைமுறைக்கு வந்தது, கனடாவுக்கு அது 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த உடன்படிக்கையில் இல்லாத ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தூதரகச் சான்றொப்பம் வேறு தேவைப்படும். அதற்கு முன் மாநில அளவிலும் வெளியுறவு அமைச்சகத்திலும் சான்றொப்பம் பெற வேண்டும். இந்த முத்திரைகளெல்லாம் சான்றிதழின் பின்புறத்தில் விழுவதால், பட்டச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து நம் வீடுகளில் முதலில் செய்வது அதைத்தான். பிரிக்கப்போய் மையும் சேர்ந்து உரிந்து, நல்ல சான்றிதழுக்கே இரண்டாம்படி வாங்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். அமிலமில்லாத காகித உறையில் மடிக்காமல் வையுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நம் ஊரில் முன்னெழுத்துதான் தந்தை பெயர். பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயராகிவிடுகிறது; திருமணத்துக்குப் பின் கணவர் பெயரும் சேர்கிறது. பட்டத்தில் உள்ள பெயர் பள்ளிச் சான்றிதழை ஒட்டியே இருக்கும், படிப்பு முடிந்த பின் மாற்றிய பெயரைப் பட்டத்தில் ஏற்றித் தரமாட்டார்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டிருந்தால் அதன் படியை இணையுங்கள். முன்னெழுத்து விரிவு மட்டும் என்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் பெரும்பாலும் போதும். ஆனால் பட்டத்தில் எழுத்துப்பிழையே இருந்தால், அது பல்கலைக்கழகத்தின் பிழை. அன்றே, கவுன்டரை விட்டு நகருமுன் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்தாண்டு கழித்துச் சொன்னால், நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

விண்ணப்பத்துக்குப் பதிலே வராவிட்டால்? முதலில் விண்ணப்பம் அனுப்பிய அஞ்சல் ரசீதைக் குறிப்பிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு நினைவூட்டல் எழுதுங்கள். அதற்கும் அசைவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் "இன்ன தேதியிட்ட என் விண்ணப்பத்தின் இன்றைய நிலை என்ன, அது எந்த அலுவலரிடம் எத்தனை நாளாக உள்ளது" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். பணியில் இருந்தபோது நானே அப்படிப்பட்ட மனுக்களைக் கையாண்டிருக்கிறேன். மனு வந்த அன்றே கோப்பு மேலெழும். புதிதாகப் படிப்பு முடித்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம்: பட்டம் வழங்குவது பற்றிய மானியக் குழுவின் 2008-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்கச் சொல்கின்றன.

கட்டண பாக்கி என்று சொல்லியோ, வேலையில் சேரும்போது உத்தரவாதம் என்று சொல்லியோ அசல் சான்றிதழைப் பிடித்து வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கல்வி நிறுவனங்கள் மாணவரின் அசல்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-இல் தெளிவாக அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். அப்படிச் சிக்கிய சான்றிதழைத் தொலைந்ததாகச் சொல்லி இரண்டாம்படி வாங்கச் சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது பொய்ப் பிரமாணம். வழக்கானால் உங்கள் நியாயமும் போய்விடும்.

பல்கலைக்கழக வாசலிலும் தேநீர்க் கடையிலும் "மூன்றே நாளில் வாங்கித் தருகிறேன்" என்று அணுகுபவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அவர்கள் செய்வதெல்லாம் நீங்கள் நிரப்பும் அதே படிவத்தை நிரப்புவது. அதைவிட மோசமானவர்கள் போலிச் சான்றிதழை அச்சடித்துக் கையில் தருகிறார்கள். உண்மையாகப் படித்துத் தேறியவரே போலிச் சான்றிதழோடு நிற்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. உண்மைத்தன்மை கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் வரும்போது, பதிவேட்டில் தேர்ச்சி இருக்கும், ஆனால் சான்றிதழின் வரிசை எண் பொருந்தாது. அப்போது காவல்துறைக்குத் தெரிவிப்பதைத் தவிர அலுவலகத்துக்கு வேறு வழி இருக்காது. உங்களால் நேரில் வர முடியாவிட்டால் முகவர் வேண்டாம். உங்கள் அண்ணனிடமோ அப்பாவிடமோ அங்கீகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டைப் படிகளும் கொடுத்து அனுப்புங்கள். பெரும்பாலான இடங்களில் அதை ஏற்பார்கள்.

இரண்டாம்படியில் அது இரண்டாம்படி என்ற முத்திரை இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், மதிப்பில் எந்தக் குறைவும் இல்லை. நாளைக்கே அந்தப் பழைய உறை ஏதாவது ஒரு பெட்டியின் அடியிலிருந்து கிடைத்துவிட்டால், இரண்டையும் வைத்துக்கொள்ளாமல் பழையதைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிரமாணப் பத்திரத்தில் நீங்கள் கொடுக்கும் உறுதிமொழிகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.